செல்லுக்கு ஓர் அடையாளம் – 14: மூளை மட்டும் விதிவிலக்கு

எலியின் எந்த ரத்தக்குழாயை வெட்டிப் பார்த்தாலும் அதன் உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்தில் ஓர் அடுக்கு இருக்கும். அதுதான் எண்டோதீலியம். பெருநாடியில் அதை இனங்காண்பது எளிது. ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு இருப்பது எதுவோ அதுவே. நுண்குழாய்க்கு வந்தால்தான் சிக்கல். ஒரு சிவப்பணு நெளிந்து நுழையத்தான் அங்கே இடம். சுவரில் தெரிவதோ தட்டையான ஓர் உட்கருவும் அதன் இருபுறமும் ஓடும் மெல்லிய கோடும்தான். ஒட்டினாற்போலப் பெரிசைட்டுகள், நார்த்திசுச் செல்கள். புற்றுக்கட்டியில் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களை எண்ணுகிறவரும், இந்தச் செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்க்கிறவரும் 'இது எண்டோதீலியல் செல்தான்' என்று எதைக் காட்டிச் சொல்வார்கள்?

1964-ல் வைபலும் பலாடியும் எலி, மனிதர் இரு தரப்பின் சிறு தமனிகளிலும் இந்தச் செல்லுக்குள் குச்சி வடிவத் துகள்களைக் கண்டார்கள். நல்ல அடையாளம். ஆனால் அதைக் காண எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும்; பல நுண்குழாய்களில் அந்தத் துகள்கள் அரிது.

கோலரும் மில்ஸ்டைனும் 1975-ல் மோனோக்ளோனல் ஆன்டிபாடிக்கு, அதாவது ஒரே ஓர் இலக்கைத் தேடி ஒட்டும் ஒரே வகை ஆன்டிபாடிக்கு, வழி திறந்ததும் நிலைமை மாறியது. இரண்டே ஆண்டுகளில் ஆலன் வில்லியம்ஸ், மில்ஸ்டைனுடன் சேர்ந்து அந்த முறையை எலியின் செல்களுக்குக் கொண்டுவந்தார். எலியின் செல்லைச் சுண்டெலிக்குள் செலுத்துவார்கள். இரண்டும் நெருங்கிய உறவுதான். இருந்தும் சுண்டெலியின் உடல் அதை அந்நியம் என்று கண்டு ஆன்டிபாடி தயாரிக்கும். ஆக்ஸ்போர்டில் இருந்த அவரது மருத்துவ ஆராய்ச்சிக் குழுவிலிருந்து அடுத்தடுத்து வந்தவைதான் ஓஎக்ஸ் என்று தொடங்கும் ஆன்டிபாடிகள்.

அவற்றில் ஓஎக்ஸ்-43 பற்றிய கட்டுரை 1986-ல் வந்தது. எலியின் ரத்தக்குழாய் எண்டோதீலியம் அனைத்தோடும் ஒட்டும், மூளையின் நுண்குழாய்களைத் தவிர என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தத் தலைப்பின் பின்பாதிதான் முக்கியம். எல்லா உறுப்பிலும் பிடிபடும் செல் மூளைக்குள் நுழைந்ததும் நழுவிவிடுகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1984-ல், அதே ஆக்ஸ்போர்டுக் குழு இதன் மறுபக்கத்தைக் கண்டிருந்தது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பிடிக்கும் ஓஎக்ஸ்-26, நுண்குழாய்களைப் பொறுத்தவரை மூளையில் உள்ளவற்றில் மட்டும் ஒட்டியது. பிற திசுக்களின் நுண்குழாய்களில் ஒட்டவில்லை.

காரணம் அந்தச் செல்கள் செய்யும் வேலையில் இருக்கிறது. மூளையின் எண்டோதீலியல் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டவை; இடுக்கு வழியாக எதையும் கசியவிடாதவை. ஆனால் மூளைக்கு இரும்புச்சத்து வேண்டும். ரத்தத்தில் இரும்பைச் சுமந்து வருவது டிரான்ஸ்ஃபெரின். இடுக்கில் வழி இல்லாததால் செல்லே அதை ஏற்பியால் பிடித்து உள்ளே வாங்குகிறது. ஆகவே எண்டோதீலியல் செல் என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு, எந்த உறுப்பு என்று கேட்காமல் ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுப்பது தவறு என்பேன்.

மூளை உட்பட எலியின் எண்டோதீலியம் முழுவதற்கும் இன்று பலரும் கையில் எடுப்பது ரேகா-1 என்ற ஆன்டிபாடி. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1992-ல் அறிமுகப்படுத்தியது. உறையவைத்துச் சீவிய மெல்லிய திசுத் துண்டில் தெளிவாகப் பிடிக்கும்.

ஸ்லைடில் ஒரு பொறி உண்டு. புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒட்டிய ஆன்டிபாடி கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்ட, சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி ஒன்றை, பெரும்பாலும் ஆட்டில் எடுத்ததை, ஒளிரும் சாயம் பூட்டி ஊற்றுவார்கள். சுண்டெலியின் ஆன்டிபாடியும் எலியின் ஆன்டிபாடியும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இரண்டாவது ஆன்டிபாடி எலியினுடையதையும் பிடித்துக்கொள்ளும். எலியின் ஆன்டிபாடி இருப்பது எங்கே? அதன் ரத்தத்தில். அதாவது, நாம் தேடும் அதே குழாய்களுக்குள். முதல் ஆன்டிபாடியே இல்லாமல் ரத்தக்குழாய்கள் பளிச்சென்று ஒளிரும். படம் நாம் எதிர்பார்த்தது போலவே இருப்பதால் சந்தேகமும் வராது. இதனால்தான் எலிப் புரதத்தோடு ஒட்டுபவற்றை முன்கூட்டியே நீக்கிய இரண்டாவது ஆன்டிபாடியை வாங்குகிறார்கள். திசுவை எடுக்கும் முன் உப்புக்கரைசல் செலுத்தி ரத்தத்தைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். இவற்றோடு, முதல் ஆன்டிபாடி ஊற்றாத ஸ்லைடு ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்த வெற்று ஸ்லைடைக் காட்டாத படத்தை நான் நம்ப மாட்டேன்.

ஓஎக்ஸ்-26-க்கு அடையாளம் காட்டுவதற்கு மேலும் ஒரு வேலை கிடைத்தது. மூளை வாசலில் இருக்கும் ஏற்பியைப் பிடிக்கிறதென்றால், அதன்மேல் மருந்தை ஏற்றி உள்ளே அனுப்பலாமே? 1991-ல் எலிகளில் இது சோதிக்கப்பட்டது. ஆன்டிபாடி மூளைக்குள் போவதாக முடிவுகள் வந்தன. ஆனால் 2001-ல் வந்த ஓர் ஆய்வு, ஊசியில் செலுத்திய ஓஎக்ஸ்-26-ல் பெரும்பங்கு நுண்குழாய்ச் செல்லிலேயே தங்கிவிடுகிறது, தாண்டுவது கொஞ்சமே என்று காட்டியது. ஏற்பியை இறுகப் பிடிப்பதுதான் தடை. ஸ்லைடில் வேண்டிய அதே உறுதி இங்கே கெடுதலாகிறது. பிடி தளர்ந்த ஆன்டிபாடிகளே அதிகம் கடக்கின்றன என்று ஜெனென்டெக் ஆய்வாளர்கள் 2011-ல் சுண்டெலிகளில் நிறுவினார்கள்.

ஓஎக்ஸ்-26 மனிதருக்கு உதவாது. அது எலியின் ஏற்பியை மட்டும் அறியும். மனித ஏற்பிக்கென்று தனி ஆன்டிபாடி உருவாக்க வேண்டியிருந்தது. ஹன்டர் நோய் உள்ள குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி இருக்காது அல்லது வேலை செய்யாது. அந்த நொதியை ரத்தத்தில் ஏற்றினால் மற்ற உறுப்புகளுக்குப் பயன் உண்டு, மூளைக்கு எட்டாது. மனித டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு அந்த நொதியை இணைத்துச் செய்த மருந்தை ஜப்பான் 2021-ல் அனுமதித்தது. அதன் பெயர் இஸ்கார்கோ.

(தொடரும்)