பிரேக் பேட் எப்ப மாத்தணும்? ஒரு சி.ஏ. போடும் தேய்மானக் கணக்கு



சில வருஷம் முன்னாடி, ஜூலை மாசம், ரிட்டர்ன் ஃபைலிங் சீசன். பிரேக் மிதிச்சா முன் சக்கரத்துல "கீச்"னு ஒரு சத்தம். "31-ம் தேதி முடியட்டும், பார்த்துக்கலாம்"னு விட்டுட்டேன். ஆகஸ்ட்ல அந்தச் சத்தம் "கரகர"ன்னு மாறிடுச்சு. ஒருநாள் சிக்னல்ல வண்டி, நான் நினைச்ச இடத்தைத் தாண்டித்தான் நின்னுது. பின் சீட்ல என் பையன் இருந்தான். அன்னைக்கே ஒர்க் ஷாப் போனேன். பில் 8,600 ரூபாய். கீச் சத்தத்துலயே போயிருந்தா 2,400-ல முடிஞ்சிருக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

நிறைய பேட்கள்ல ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பேட் தேய்ஞ்சதும் அது டிஸ்க்குல உரசி கீச்சுன்னு கத்தும். அது எச்சரிக்கை. கரகரன்னு கேட்டா, பேட் முழுசா தீர்ந்து, இரும்பு இரும்போட உரசுதுன்னு அர்த்தம். டிஸ்க்கும் சேர்ந்து போகும். என் பில்லை ஏத்தினது அந்த டிஸ்க்தான். (மழைக்கு மறுநாள் காலையில ஒண்ணு ரெண்டு தடவை மட்டும் வர்ற சத்தம், துருவால வர்றது. பயப்பட வேண்டாம்.)

எத்தனை கிலோமீட்டர்னு கேட்காதீங்க, எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க

புது பேட் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தா மாத்திடணும். இடையில் இருக்கும் 7 மில்லிமீட்டர்தான் நீங்க செலவழிக்கக்கூடிய சொத்து.

உதாரணமா, 20,000 கிலோமீட்டர்ல 6.5 மில்லிமீட்டர் மீதி இருக்குன்னு வெச்சுக்கோங்க. தேய்ஞ்சது 3.5. அதே மாதிரி ஓட்டினா இன்னும் 20,000 கிலோமீட்டர் வரும். டெய்லி ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல ஆபீஸ் போறவங்களுக்கு, ஹைவேல ஓட்டுறவங்களை விட சீக்கிரமே தேயும். அதனால ஒவ்வொரு சர்வீஸ்லயும் அளந்து, ஜாப் கார்டுல எழுதித் தரச் சொல்லுங்க. 6 மில்லிமீட்டர் இருக்கும்போதே "மாத்திடலாம் சார்"னு சொன்னா, தாராளமா "அடுத்த சர்வீஸ்ல பார்க்கலாம்"னு சொல்லலாம்.

காசு விஷயத்துல 4 பாயின்ட்

1. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க. ஒரே அச்சுல இருக்கும் ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாத்தணும். இல்லன்னா பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

2. பிரேக் ஆயில் அளவு குறைஞ்சா, உடனே ஊத்தி நிரப்பிட்டு மறந்துடாதீங்க. பேட் தேய்ஞ்சாலும் அளவு இறங்கும். முதல்ல பேடைப் பார்க்கச் சொல்லுங்க.

3. இன்ஷூரன்ஸை நம்பாதீங்க. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் அது விபத்து க்ளெய்முக்குத்தான். ஓடித் தேய்ஞ்ச பேடுக்கு ஒரு ரூபாய் வராது.

4. 2025 செப்டம்பர் 22-ல இருந்து வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. பில்லைச் சரிபாருங்க.

மாசம் 200 ரூபாய் தனியா எடுத்து வெச்சாலே, ஒரு வருஷத்துல ஒரு செட் முன் பேடுக்கான காசு வந்துடும்.

கணக்குல தேய்மானத்தை மார்ச்ல ஒரே என்ட்ரியா போட்டுடலாம். பிரேக்குல அது தினமும் நடக்குது. கீச்னு கேட்டா, அந்த வாரமே போயிடுங்க.