சீலிங் ஸ்பாட் லைட்டுக்கு மேலே இன்சுலேஷன்: தீ ஆபத்து வராமல் பொருத்துவது எப்படி?

குளிரைத் தடுக்க வீட்டுக் கூரைக்குள் தடிமனாக இன்சுலேஷன் விரிக்கிறார்கள். அழகுக்காக அதே சீலிங்கில் வட்டமாகத் துளை போட்டு ஸ்பாட் லைட் பதிக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் தப்பில்லை. ஆனால் லைட்டின் தலைமேலேயே இன்சுலேஷன் உட்கார்ந்துவிட்டால் சூடு வெளியேற வழியிருக்காது. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரிட்டனில் தமிழர்கள் வாழும் வீடுகள் உட்பட ஏராளமான வீடுகளில் இந்த இரண்டும் ஒரே சீலிங்கில்தான் இருக்கின்றன. அங்கே இதை எப்படிப் பாதுகாப்பாகச் செய்கிறார்கள்? எதைக் கவனிக்க வேண்டும்?

லாஃப்ட் இன்சுலேஷன் என்றால் என்ன?

நம்ம ஊரில் லாஃப்ட் என்றால் பாத்திரம், பெட்டி போட்டு வைக்கும் பரண். பிரிட்டனில் அது வேறு. சரிவான ஓட்டுக் கூரைக்கும் மேல்மாடி அறையின் சீலிங்குக்கும் நடுவே இருக்கும் காலி இடத்தைத்தான் அங்கே லாஃப்ட் என்கிறார்கள்.

அறையின் சூடு மேலே ஏறி ஓட்டு வழியாகப் போய்விடாமல் இருக்க, அந்த இடத்தில் கிளாஸ் வூல் அல்லது ராக் வூலை மெத்தை போல விரிப்பார்கள். பிரிட்டனில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் தடிமன் 270 மில்லிமீட்டர். அதாவது, ஒரு அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஹீட்டரின் சூடா, பல்பின் சூடா என்று அது பிரித்துப் பார்க்காது.

ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது?

உலகப் பொருளாதார நெருக்கடி நேரத்தில், 2009-ல் ஆஸ்திரேலிய அரசு வீடுகளுக்கு சீலிங் இன்சுலேஷன் போட நிதி கொடுத்தது. மிகக் குறுகிய காலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. புதிது புதிதாக நிறுவனங்கள் முளைத்தன. போதிய பயிற்சி இல்லாதவர்களும் கூரைக்குள் இறங்கினார்கள்.

விளைவு மோசமானது. வேலை செய்த 4 இளைஞர்கள் உயிரிழந்தனர். மூன்று பேர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கூரைக்குள் இருந்த கடும் வெப்பத்தாலும் இறந்தனர். இந்தத் திட்டத்தோடு தொடர்புடையதாக 200-க்கும் மேற்பட்ட தீ சம்பவங்கள் பதிவாகின. ஹாலஜன் லைட்டுகளின் மேலும், அவற்றை ஒட்டியும் இன்சுலேஷன் போடப்பட்டது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. இதை விசாரித்த ராயல் கமிஷன் 2014-ல் அறிக்கை அளித்தது.

இதில் இருக்கும் பாடம் எளிமையானது. லைட் போடுபவர் ஒருவர், இன்சுலேஷன் போடுபவர் இன்னொருவர். முதல் ஆள் விட்டுச் சென்ற இடைவெளியை இரண்டாவது ஆள் தெரியாமல் மூடிவிடுகிறார். கீழே இருப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

இப்போது எல்லாம் எல்இடி தானே, அதில் சூடு வருமா?

வரும். ஆனால் ரொம்பக் குறைவு.

பழைய ஹாலஜன் பல்பின் கண்ணாடிக் குழல் 250 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகும். 50 வாட் ஹாலஜன் தரும் வெளிச்சத்தை ஏறக்குறைய 5 வாட் எல்இடியே தந்துவிடும். ஒரு அறையில் 8 லைட் என்றால், அன்று 400 வாட். இன்று 40 வாட்.

ஆனால் எல்இடியில் சூடு கீழ்நோக்கி வருவதில்லை. பின்பக்கமாக, அதாவது சீலிங்குக்கு மேலேதான் போகிறது. கூடவே டிரைவர் என்று சொல்லப்படும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டியும் சூடாகும். அதன்மேல் இன்சுலேஷன் மூடினால் லைட்டின் ஆயுள் குறையும். தரமில்லாத டிரைவர் என்றால் கருகவும் வாய்ப்புண்டு.

கிளாஸ் வூலும் ராக் வூலும் எளிதில் தீப்பிடிக்காதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் மர விட்டம், பல வருடத் தூசி, மரத்தூள், பறவைக் கூடு, ஒயரின் மேலுறை இவையெல்லாம் எரியும்.

அப்படியென்றால் இன்சுலேஷனை வெட்டிவிட்டால் போதுமா?

பலரும் செய்வது இதைத்தான். லைட்டைச் சுற்றி இன்சுலேஷனை வெட்டி எடுத்து அப்படியே திறந்து விடுகிறார்கள். சூட்டுப் பிரச்னை தீரும். ஆனால் புதிதாக இன்னொன்று வரும்.

ஒவ்வொரு துளை வழியாகவும் அறையின் சூடான, ஈரமான காற்று லாஃப்டுக்குள் ஏறும். குளிர்காலத்தில் சில்லென்று இருக்கும் ஓட்டுச் சட்டங்களில் பட்டு அது தண்ணீராக மாறும். நாளடைவில் மரத்தில் பூஞ்சை பிடிக்கும், மரம் இற்றுப்போகும். குளியலறைக்கு மேலே இது இன்னும் அதிகம். இன்சுலேஷன் போட்ட காசும் அந்த ஓட்டைகள் வழியாக வீணாகும்.

ஆக, சூடும் தேங்கக்கூடாது, காற்றும் கசியக்கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

'ஃபயர் ரேட்டட்' லைட் வாங்கினால் பிரச்னை தீர்ந்ததா?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

பிளாஸ்டர்போர்டு சீலிங், கீழே பிடித்த தீ மேலே பரவுவதைக் கொஞ்ச நேரம் தடுக்கும். அதில் துளை போட்டால் தீக்கு வழி கிடைக்கும். ஃபயர் ரேட்டட் லைட்டில் சூடு பட்டதும் உப்பிப் பெரிதாகும் ஒரு பொருள் இருக்கும். அது துளையை அடைத்துவிடும். அட்டையில் காணப்படும் 30, 60, 90 நிமிடங்கள் என்பது இதற்கான சோதனை அளவு.

மேலே இன்சுலேஷன் போட்டு மூடலாமா என்பது வேறு கேள்வி. இதற்குத் தயாரிப்பாளரின் குறிப்பில் தனியாகப் பதில் இருக்க வேண்டும். மூடக்கூடாத லைட்டுகளில், இன்சுலேஷன் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட சின்னம் இருக்கும். அமெரிக்காவில் மூடத்தக்க லைட்டை 'ஐசி' ரகம் என்பார்கள். அந்த ரகம் இல்லையென்றால், சுற்றிலும் 3 அங்குல இடைவெளி விட வேண்டும் என்பது அங்குள்ள விதி.

சரியாகப் பொருத்துவது எப்படி?

1. இன்சுலேஷனால் மூடலாம் என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லும், அடைப்பான பின்பகுதி கொண்ட எல்இடி லைட்டைத் தேர்வு செய்யுங்கள். சீலிங்கோடு காற்றுப் புகாமல் ஒட்டும் வளையம் இருந்தால் இன்னும் நல்லது.

2. மூடக்கூடாத லைட் என்றால், அதற்கென விற்கும் தீயைத் தாங்கும் மூடியை லாஃப்ட் பக்கம் கவிழ்த்து, அதன் மேல் இன்சுலேஷன் விரிக்கலாம். அந்த லைட்டுக்கு அந்த மூடி பொருந்துமா, உள்ளே எவ்வளவு இடைவெளி தேவை என்று குறிப்பைப் பாருங்கள். பூந்தொட்டியைக் கவிழ்த்து வைப்பது போன்ற கைவேலை வேண்டாம்.

3. டிரைவர் தனிப் பெட்டியாக இருந்தால், அதை இன்சுலேஷனுக்கு அடியில் புதைக்காமல் மேலே எடுத்துப் பொருத்த வேண்டும்.

4. ஒயர் இணைப்புகள் திறந்து கிடக்கக்கூடாது. மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள்தான் இருக்க வேண்டும்.

5. ஷவருக்கு மேலே வரும் லைட்டுக்கு, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி தரம் தேவை.

ஒயரையும் மறக்க வேண்டாம்

ஓடும் மின்சாரத்தால் ஒயரும் சூடாகும். பிரிட்டனின் வயரிங் விதிமுறையான பிஎஸ் 7671 என்ன சொல்கிறது தெரியுமா? அரை மீட்டர் அல்லது அதற்கு மேல் இன்சுலேஷன் சுற்றி மூடிய ஒயர், துல்லியமான தகவல் இல்லாதபோது, வழக்கமான மின்னோட்டத்தில் பாதியைத்தான் தாங்கும் என்று கணக்கிட வேண்டும். எல்இடி லைட்டுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் அதே லாஃப்டில் ஷவர் ஹீட்டருக்குப் போகும் ஒயர் இருந்தால், இது உயிர் போகும் விஷயம்.

வேலை தொடங்கும் முன்...

மெயின் பாக்ஸில் அந்த சர்க்யூட்டை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். லாஃப்டில் மர விட்டத்தின் மேல் மட்டுமே கால் வைக்க வேண்டும். நடுவே மிதித்தால் சீலிங்கோடு கீழே வர வேண்டியதுதான். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

இன்னொரு முக்கியமான விஷயம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் 1999-ல்தான் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடுகளில் சொரசொரப்பாகப் பூசிய சீலிங்கில் அது கலந்திருக்கலாம். பரிசோதிக்காமல் துளை போடக்கூடாது.

புதிய சர்க்யூட் போடுவது, குளியலறையில் ஷவரையும் தொட்டியையும் ஒட்டிய வேலை ஆகியவை இங்கிலாந்தில் கட்டட விதிகளின் கீழ் வருகின்றன. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்து சான்றிதழ் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

ஏற்கெனவே லைட் இருந்தால்?

லைட் தானாக அணைந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எரிகிறதா? சுற்றிலும் சீலிங் பழுப்பாகிறதா? கருகிய வாசனை வருகிறதா? சூடு தேங்குவதற்கான அறிகுறிகள் இவை. உடனே அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஹாலஜன் இருந்தால் எல்இடிக்கு மாற்றுவதே முதல் வேலை.

நம்ம ஊர் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இதே கணக்குதான். மேலே கிளாஸ் வூல் இருந்தால் லைட்டை மூடாமல் பார்க்க வேண்டும். தெர்மோகோல் என்றால் இரட்டைக் கவனம் தேவை: அது எளிதில் எரியும். பிவிசி ஒயர் அதைத் தொட்டபடியே கிடந்தால், மேலுறை நாளடைவில் இறுகி வெடிக்கும்.

வீட்டில் இன்சுலேஷன் போட ஆள் வந்தால், அவர் மேலே ஏறுவதற்கு முன் எங்கெங்கே லைட் இருக்கிறது, எந்த ரகம் என்று காட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் லாஃப்டுக்குள் போட்டோ எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். இரண்டு ஆட்களுக்கு நடுவே விட்டுப்போகும் தகவலைச் சேர்க்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.