மழை விட்டும் வராத ‘வானவில்’

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று மலாக்காவில் எந்தத் தாமானுக்குள் போனாலும், தோட்டத்து வீடுகளுக்குப் போனாலும், கூரையோரம் ஓர் அஸ்ட்ரோ தட்டு நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் இருக்கும் மியாசாட் செயற்கைக்கோள்களிலிருந்துதான் அதற்கு அலை வருகிறது. மலாக்காவிலிருந்து பார்த்தால் அந்த இடம் மேற்கே, ஏறக்குறைய 77 பாகை உயரத்தில், உச்சிவானத்தை ஒட்டி இருக்கிறது.

வந்து சேரும் அலை மிக மெலிந்தது. தட்டு அதைக் குவித்து, முன்னால் நீட்டியிருக்கும் எல்.என்.பி.க்குக் கொடுக்கிறது. எல்.என்.பி. அதைப் பெருக்கி, அதிர்வெண்ணைக் குறைத்து, கேபிள் வழியாக டிகோடருக்கு அனுப்புகிறது. எல்.என்.பி. இயங்கத் தேவையான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் டிகோடரிலிருந்து அதே கேபிளில்தான் மேலே போகிறது. படம் விட்டுவிட்டு வந்தால், எப்போது போகிறது என்று கவனியுங்கள். எங்கே கோளாறு என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

அடைமழையில் போய், மழை குறைந்ததும் வந்தால் கோளாறே இல்லை. இரண்டரை சென்டிமீட்டர் அலைநீளமுள்ள இந்த அலையை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் ‘சுமத்ரா’ புயல்மழையில் ஊர் முழுக்கவே படம் போகும். ஆனால் சிறு தூறலுக்கே போனால், தட்டு திசை மாறியிருக்கலாம்.

காற்றடிக்கும்போது போனால், தாங்கியின் போல்ட் தளர்ந்திருக்கும். 60 சென்டிமீட்டர் தட்டு ஒரு பாகை சாய்ந்தால் விளிம்பு நகர்வது சுமார் அரை சென்டிமீட்டர்தான். அதற்கே சிக்னல் நன்றாகக் குறையும்.

மழை விட்டு மணிக்கணக்காகியும் அஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசையான ‘வானவில்’ வரவில்லை என்றால், தண்ணீர் உள்ளே புகுந்திருக்கலாம். எல்.என்.பி.யில் திருகியிருக்கும் கனெக்டரைக் கழற்றினால், பளபளப்பாக இருக்க வேண்டிய நடுக்கம்பி கறுத்தோ, பச்சைக் களிம்பு ஏறியோ இருக்கும். கெட்டுப்போன முனையை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் மாட்ட வேண்டும். கனெக்டருக்குச் சற்று முன்னால் கேபிள் தாழ்ந்து வளைந்து தொங்கும்படி விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். சில அலைவரிசைகள் மட்டும் போவதற்கும் இந்தக் களிம்பு காரணமாகலாம்; 18 வோல்ட் முழுமையாகப் போய்ச் சேராவிட்டால் ஒரு தொகுதி அலைவரிசைகள் காணாமல் போகும்.

மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் மதியம் 2 மணி வாக்கில் சில நிமிடங்கள் படம் போகும். அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து, தன் இரைச்சலால் சிக்னலை மூழ்கடிக்கிறது. தொடர்ந்து சில நாள் இப்படி நடக்கும். பிறகு தானே சரியாகிவிடும்.

“மரம் மறைக்குது” என்று பக்கத்து வீட்டு மரத்தின்மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. 77 பாகையில் வரும் அலையைப் பத்து மீட்டர் மரம் மறைக்க வேண்டுமானால், அது தட்டிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். கூரைமேல் கவிந்த ரம்புத்தான் கிளை மறைக்கும். தள்ளி நிற்கும் செம்பனை மறைக்காது.

வீட்டுக்குள்ளிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பக்கத்து வீட்டிலும் படம் போகிறதா என்று கேளுங்கள். அவர்களுக்கும் போனால் மழையோ சூரியனோ காரணம். உங்களுக்கு மட்டும் போனால் உங்கள் தட்டோ கேபிளோ காரணம். ஈரக் கூரையிலோ இடி இடிக்கும்போதோ ஏறாதீர்கள். படம் போன நேரத்தையும் அப்போதைய வானிலையையும் எழுதி வைத்துத் தொழில்நுட்பரிடம் கொடுங்கள். அவர் வேலை பாதியாகக் குறையும்.