மானியம் என்னும் சொல்லும் மாட்டிறைச்சிச் சந்தையும்



2023-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் கோழி இறைச்சிக்கும், 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் முட்டைக்கும் மலேசிய அரசு விதித்திருந்த விலைக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. பண்ணையாளர்களுக்கு வழங்கப்பட்டுவந்த தொகையும் அதனோடு நின்றது. பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் சந்தையிலும் இம்மாற்றங்களை ‘மானியத்தை எடுத்துவிட்டார்கள்’ என்ற ஒரே தொடரில் நாம் அடக்கிவிட்டோம். உண்மையில் நீக்கப்பட்டவை இரண்டு. வாங்குபவரைக் காக்க விற்பவர்மீது விதிக்கப்பட்ட வரம்பு ஒன்று. அவ்வரம்பினால் விற்பவர்க்கு நேரும் இழப்பை ஈடுசெய்யத் தரப்பட்ட பணம் மற்றொன்று. முன்னது சட்டம், பின்னது செலவு.

பொருளியல் என் துறையன்று. சொற்பொருளே என் துறை. ஆயினும் ஒரு சொல் தன்னுள் வேறுபட்ட பல செயல்களை மறைத்துவைக்கும்போது, அவற்றைப் பிரித்துக் காட்டுவது மொழியாளன் கடமையுமாகும். விலை பற்றிய அரசின் முடிவுகள் ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்பையும் தொடுகின்றன. அவற்றைச் சரியாகப் பெயரிட்டுச் சொல்ல இயலாத சமூகம் அவற்றைப் பற்றிச் சரியாக வினவவும் இயலாது.

சொல்லின் வரலாறு

‘மானியம்’ வடமொழிவழி வந்த சொல். ஊழியத்திற்காகவோ அறத்திற்காகவோ வரி நீக்கி அளிக்கப்பட்ட நிலத்தை அது முன்பு குறித்தது. முற்றிலும் வரி நீங்கிய நிலம் ‘சர்வமானியம்’ எனப்பட்டது. மலாய் மொழியில் வழங்கும் ‘சுப்சிடி’ இலத்தீன் மூலமுடையது. போர்க்களத்தில் பின்வரிசையில் காத்திருக்கும் துணைப்படையையே அம்மூலச்சொல் குறித்தது. ஒன்று கொடையின் சாயலையும் மற்றொன்று உதவியின் சாயலையும் சுமந்துள்ளன. கொடுத்த பணம் யாருடையது, அது இறுதியில் யாரிடம் சேர்கிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

‘விலை’ என்ற சொல்லோ ‘வில்’ என்னும் வினையடியில் பிறந்தது. அஃதாவது, அது விற்பவர் பக்கத்துச் சொல். விற்பவர் கேட்பதும் வாங்குபவர் தருவதும் ஒன்றாகும் இடமே சந்தை விலை. அரசு அவ்விடத்தில் தலையிடும் வழிகளுள் மூன்றை முதலில் காண்போம்.

மூன்று வழிகள்

ஒரு கணக்கைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். ஒரு நாட்டில் மாட்டிறைச்சி கிலோ 20 ரிங்கிட்டுக்கு விற்கிறது. ஆண்டுக்கு 100 டன் விளைந்து, 100 டன்னும் விற்றுவிடுகிறது. விலை 25 ஆனால் பண்ணையாளர் 120 டன் விளைவிப்பர். மக்கள் 80 டன்னே வாங்குவர். விலை 15 ஆனால் இது தலைகீழாகும்: 80 டன் விளையும், 120 டன்னுக்கு வாங்குவோர் இருப்பர்.

முதல் வழி, அடித்தள விலை. ‘25 ரிங்கிட்டுக்குக் கீழே விலை இறங்க விடமாட்டோம்’ என அரசு உறுதி தருகிறது. மலாய் மொழியில் இது ‘ஹர்கா லந்தாய்’. இந்தியாவில் ‘குறைந்தபட்ச ஆதரவு விலை’. 120 டன் விளைகிறது. 80 டன் விற்கிறது. எஞ்சிய 40 டன்னை அரசே வாங்கியாக வேண்டும். அதற்கு 10 இலட்சம் ரிங்கிட் ஆகும். குளிர்பதனக் கிடங்கின் செலவு தனி. இதனுடன், 80 டன்னை வாங்கிய மக்கள் கிலோவுக்கு 5 ரிங்கிட் வீதம் 4 இலட்சம் ரிங்கிட் கூடுதலாகத் தந்திருக்கிறார்கள். அந்த 4 இலட்சம் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் காணப்படாது.

இரண்டாம் வழி, விலை ஈடு. சந்தையில் விலை எங்கே நின்றாலும், 25 ரிங்கிட்டுக்கு எவ்வளவு குறைகிறதோ அதனை அரசு பண்ணையாளருக்கு நேரே தருகிறது. விளைந்த 120 டன்னும் விற்க வேண்டுமாயின் விலை 15-க்கு இறங்க வேண்டும். வேறுபாடான 10 ரிங்கிட்டைக் கணக்கிட்டால் 12 இலட்சம் ரிங்கிட் ஆகிறது. இங்கே கிடங்கில் தேக்கமில்லை; மக்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது; செலவு முழுவதும் வெளிப்படையாகத் தெரிகிறது. அதனாலேயே நிதியமைச்சர்கள் இவ்வழியை விரும்புவதில்லை.

மூன்றாம் வழி, உச்ச விலை. மலாய் மொழியில் ‘ஹர்கா சிலிங்’. ‘15 ரிங்கிட்டுக்கு மேல் விற்கக்கூடாது’ என்பது ஆணை. அரசுக்குச் செலவே இல்லை. ஆனால் சந்தைக்கு வருவது 80 டன்; வேண்டுவது 120 டன். வரிசையில் முதலில் நிற்பவருக்கும் கடைக்காரருக்கு வேண்டியவருக்கும் கிடைக்கிறது. பிறர் வெறுங்கையோடு திரும்புகின்றனர்.

இம்மூன்றையும் நாம் ‘மானியம்’ என்றே அழைத்துவிடுகிறோம். ஒன்றினால் தேக்கம், ஒன்றினால் பெருஞ்செலவு, ஒன்றினால் தட்டுப்பாடு என விளைவுகள் வேறுவேறாக இருப்பது அவ்வழக்கினால் மறைந்துவிடுகிறது.

ஐரோப்பாவின் இறைச்சி மலை

அடித்தள விலைக்கு உலகறிந்த சான்று ஐரோப்பிய மாட்டிறைச்சி. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1968-ஆம் ஆண்டில் மாட்டிறைச்சிக்குப் பொதுச் சந்தை முறையை வகுத்தது. விலை குறித்த அளவுக்குக் கீழே சென்றால் அரசு முகமைகள் இறைச்சியை வாங்கிக் கிடங்கில் வைக்கும். பண்ணையாளர் துணிந்து பெருக்கினர். 1990-களின் தொடக்கத்தில் கிடங்குகளில் ஏறத்தாழ 10 இலட்சம் டன் மாட்டிறைச்சி உறைந்து கிடந்தது. ‘இறைச்சி மலை’ என்று செய்தித்தாள்கள் எழுதின.

மலையைக் கரைக்க ஏற்றுமதியாளருக்கும் பணம் தரப்பட்டது. அவ்விறைச்சி மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மிக மலிவாக வந்திறங்கியது. மாலி, புர்க்கினா பாசோ ஆகிய நாடுகளின் மேய்ப்பர்கள் தலைமுறைகளாகத் தம் மாடுகளைத் தெற்கே கடற்கரை நகரங்களுக்கு ஓட்டிச்சென்று விற்றுவந்தவர்கள். அவர்கள் சந்தை சரிந்தது. ஐரோப்பிய உழவரைக் காத்த விலை, ஐரோப்பாவையே கண்டிராத மேய்ப்பரை வருத்தியது. ஐரோப்பியத் தொண்டு அமைப்புகளே இதனை எதிர்த்துக் குரல் எழுப்பியபின் ஏற்றுமதித் தொகை குறைக்கப்பட்டது. 1992-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மாட்டிறைச்சியின் தலையீட்டு விலையை 15 விழுக்காடு குறைத்து, ஈடாக மாட்டின் தலையெண்ணிக்கைப்படி பணம் தரும் முறையை விரிவாக்கியது. நம் கணக்கின்படி சொன்னால், முதல் வழியிலிருந்து இரண்டாம் வழியை நோக்கி நகர்ந்தது.

மாடு என்னும் முதல்

மாட்டிறைச்சிக்கு வேறோர் இயல்பும் உண்டு. அதனை விளக்கப் பழந்தமிழே துணைசெய்கிறது. பழந்தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் ‘செல்வம்’ என்றும் பொருள். இலத்தீனில் பணத்தைக் குறிக்கும் சொல்லும் கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. மாடு விற்பனைப் பொருள் மட்டுமன்று. அடுத்த மாட்டை ஈனும் முதலுமாகும்.

இறைச்சிக் கோழி ஏறக்குறைய ஐந்து வாரத்தில் சந்தைக்கு வந்துவிடும். பசுவோ ஒன்பது மாதத்திற்கும் மேலாகச் சினை தாங்கும். கன்று வளர்ந்து இறைச்சிக்கு உரியதாக மேலும் ஓரிரு ஆண்டுகள் செல்லும். எனவே விலை உயரும் எனப் பண்ணையாளர் நம்பினால், கிடாரிகளை விற்காமல் இனப்பெருக்கத்திற்கு நிறுத்திக்கொள்வார். விலையை உயர்த்தினால் வரத்து பெருகும் என்பது பாடநூல் விதி. மாட்டுச் சந்தையில் வரத்து முதலில் குறைகிறது. சில ஆண்டுகள் கழித்தே பெருகுகிறது. அப்போது எல்லாரும் ஒருங்கே பெருக்கியிருப்பதால் விலை சரிகிறது. ஆண்டுதோறும் மாறும் அரசுத் திட்டங்கள் இந்நெடிய சுழற்சியோடு பொருந்துவது அரிது.

நம் நாட்டு நிலை

நம்மவருள் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. எனினும் மலேசியச் சந்தையில் அது முதன்மையான உணவுப்பொருள். நாட்டின் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியே. அதில் மிகுதியானது இந்தியாவிலிருந்து உறைநிலையில் வரும் எருமை இறைச்சி. அது மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் எருமை முதன்மையாகப் பாலுக்காக வளர்க்கப்படுகிறது. இறைச்சி அத்தொழிலின் துணை விளைவு. வளர்ப்புச் செலவின் பெரும்பகுதியைப் பால் ஏற்றுக்கொள்கிறது. தீவனத்திற்கே பெரும்பணம் செலவிடும் உள்ளூர்ப் பண்ணையாளர் அவ்விலையோடு போட்டியிடுவது கடினம்.

இக்குறையை நீக்க, அடித்தள விலைக்கு மாறாக நான்காவதொரு வழியை அரசு மேற்கொண்டது: சலுகைக் கடன். ஒன்பதாவது மலேசியத் திட்டக் காலத்தில் நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கெமாசில் தேசிய மாட்டுப் பண்ணைத் திட்டம் தொடங்கியது. அதற்கு 25 கோடி ரிங்கிட் கடன் ஒதுக்கப்பட்டது. நாட்டின் மாட்டிறைச்சித் தேவையில் 40 விழுக்காட்டை உள்நாட்டிலேயே நிறைவுசெய்வது நோக்கம். 2010-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையின்படி, அவ்வாண்டு இலக்கு 8,000 மாடுகள்; இருந்தவை 3,289. விலை ஆதரவு பல ஆயிரம் பண்ணையாளருக்குச் சிறிது சிறிதாகச் செல்லும். சலுகைக் கடன் ஓரிடத்தில் குவியும். அதனால் தோல்வியும் ஓரிடத்தில் குவிகிறது.

கோழிக்கும் முட்டைக்கும் கையாளப்பட்டது உச்ச விலையும் ஈடும் சேர்ந்த கலப்பு முறை. 2022 பிப்ரவரியில் கோழிக்குக் கிலோவுக்கு 60 சென்னும் முட்டைக்கு 5 சென்னும் பண்ணையாளருக்குத் தரப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வரும் சோளம், சோயா ஆகிய தீவனங்களின் விலை உக்ரேன் போருக்குப்பின் மேலும் ஏறியது. ஈடு போதவில்லை; வரத்து குன்றியது. ஜூன் முதல் நாளிலிருந்து கோழி ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. தனக்கு வேண்டிய கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நம்மிடமிருந்து பெற்றுவந்த சிங்கப்பூர் திகைத்தது. ஜூலையில் தீபகற்ப மலேசியாவில் உச்ச விலை 9 ரிங்கிட் 40 சென்னாக உயர்த்தப்பட்டது. ஈடு 80 சென்னாகவும் முட்டைக்கு 8 சென்னாகவும் கூட்டப்பட்டது. ஆண்டின் இறுதியில் முட்டைத் தட்டுப்பாடு முற்றி, தமிழகத்து நாமக்கல்லிலிருந்து முட்டை வந்திறங்கியது. நம் முன்னோர் மண்ணின் முட்டை நம் கடைகளுக்கு வந்தது வணிகத்தின் இயல்பான போக்கினால் அன்று. வரம்புக்கும் அடக்கச் செலவுக்கும் இடையே விழுந்த பள்ளமே அதனை வரவழைத்தது.

அரிசியில் இது இன்னும் தெளிவு. நெல்லுக்கு அடித்தள விலை உண்டு. 2025-இல் அது டன்னுக்கு 1,300 ரிங்கிட்டிலிருந்து 1,500 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. உள்ளூர் வெள்ளை அரிசிக்கோ 2008 முதல் கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்ற உச்ச விலை நிலவியது. இந்தியா 2023 ஜூலையில் பாசுமதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. செப்டம்பர் முதல் நாள் இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350-இலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியது. இரண்டுக்கும் இடையே விலை இடைவெளி விரிந்ததும் மக்கள் அனைவரும் உள்ளூர் அரிசியை நாடினர். கடைத்தட்டுகளில் அது காணாமற்போயிற்று. தளம் ஒருபுறம் உயர, கூரை மறுபுறம் அசையாதிருந்தால், இடையில் நிற்கும் ஆலைக்காரரும் வணிகரும் நெருக்கப்படுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

இவற்றால் அரசு தலையிடவே கூடாது என்பது என் கருத்தன்று. நோயும் போரும் வறட்சியும் ஒரு பருவத்தில் சிறு பண்ணையாளரை அழித்துவிடக்கூடும். அழிந்த மந்தை மீண்டும் உருவாக ஆண்டுகள் ஆகும். ஏழைக் குடும்பத்திற்கு முட்டை மலிவாகக் கிடைப்பதும் சிறிய நன்மையன்று. ஆயின் எந்த வழியால், யார் செலவில், எவ்வளவு காலத்திற்கு என்ற தெளிவு வேண்டும்.

ஆகவே நான்கு சொற்களை நம் ஆசிரியர்கள் வழக்கில் நிறுத்த வேண்டுகிறேன்: அடித்தள விலை, விலை ஈடு, உச்ச விலை, சலுகைக் கடன். ‘மானியம்’ என்பது இவற்றைத் தொகுத்துச் சொல்லும் பொதுச்சொல்லாக இருக்கட்டும். குறிப்பிட்ட செய்தியைக் கூறும்போது உரிய சிறப்புச்சொல்லையே ஆளுவோம்.

மாணவர்கள் விலை பற்றிய செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று வினாக்களுக்கு விடை எழுதிப் பழகலாம். விலையை வரையறுத்தவர் யார்? சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைச் செலுத்துபவர் யார்? எஞ்சும் பொருள் எங்கே செல்கிறது, அல்லது குறையும் பொருள் யாருக்குக் கிடைக்காமற் போகிறது? செய்தியில் விடை இல்லாத வினா எதுவோ, அதனையே ஆசிரியரிடமும் வீட்டாரிடமும், காலம் வரும்போது தம் தொகுதி வேட்பாளரிடமும் அவர்கள் கேட்கட்டும்.