எண் ஒன்றில் தொடங்கும் குரு
அமிர்தசரஸ் பொற்கோயிலில் விதானத்தின் கீழ், பட்டு விரிப்பின் மேல், சாமரம் வீச வீற்றிருப்பது சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப். 1604-இல் ஐந்தாம் குரு அர்ஜன் தொகுக்க, பாய் குர்தாஸ் ஏடெழுதினார். ஒன்பதாம் குரு தேக் பகதூரின் பாடல்கள் பின்னர் சேர்ந்தன. 1708-இல் நாந்தேட்டில் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் இந்நூலே குரு என்றார்.

நூலின் தொடக்கத்தில் இருப்பது எழுத்தல்ல. 1 என்னும் எண். பரம்பொருள் ஒன்றே; அதற்கு உருவமில்லை, பிறப்பில்லை. ஆகவே இங்கே சிலையும் இல்லை.

1,430 பக்கங்கள். பெரும்பகுதி ராகவாரியாக அமைந்தது. பாடிக் கேட்க வேண்டிய நூல் இது. குருமார்களின் பாடல்களோடு நெசவாளி கபீரும் தோல் தொழிலாளி ரவிதாஸும் சூஃபி ஞானி ஷேக் ஃபரீதும் இதில் குரல் கொடுக்கிறார்கள். அத்தனை பேர் முன்னும் பக்தர் நெற்றி தரையைத் தொடுகிறது.

இரவில் நூல் பல்லக்கில் கோயில் வளாகத்திலேயே உள்ள அகால் தக்துக்குப் போகும். விடியுமுன் திரும்பி வரும்.