ஏறி அமர்ந்தால் ஓடும் பெட்டி

பெட்டியை மனிதன் இழுத்துச் சென்ற காலம் போய், மனிதனைப் பெட்டி இழுத்துச் செல்லும் காலம் வந்திருக்கிறது. விமான நிலையங்களில் பெட்டியின் மீதே அமர்ந்து, கைப்பிடியைப் பற்றியவாறு வழுக்கிச் செல்வோரை வாசக நேயர்களும் கண்டிருக்கக்கூடும். சீனாவின் ஹூனான் மாநில விவசாயி ஹெ லியாங்சாய், தம் கையால் செய்த இத்தகைய பெட்டியில் ஏறி 2014ஆம் ஆண்டு சாங்ஷா நகர வீதியில் சென்றபோது அது உலகச் செய்தியாயிற்று. 2016இல் அமெரிக்காவில் மோடோபேக் என்ற பெட்டி அறிமுகமாயிற்று. இன்று ஏர்வீல் முதலிய சீன நிறுவனங்களின் பெட்டிகள் எளிதில் விலைக்குக் கிடைக்கின்றன.

உம்மா வாப்பாவின் உம்ராப் பயணத்திற்கென்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை இதை வாங்கியனுப்ப எண்ணினால், பணம் கொடுக்குமுன் பேட்டரியைப் பற்றி இரண்டு செய்திகளைக் கேட்டறியுங்கள். அது கையால் கழற்றக்கூடியதா? அதன் கொள்ளளவு எத்தனை வாட்-ஹவர்?

விமானத்தில் 100 வாட்-ஹவர் வரை பொதுவாகத் தடையில்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கும் மேற்பட்டதைப் பயணப் பொதியில் கொண்டுசெல்ல இயலாது. பேட்டரியின் மேல் இந்த எண் அச்சிடப்படவில்லையெனில், வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கிக்கொள்ளுங்கள். 22 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றிருந்தால் 88 வாட்-ஹவர். மில்லி ஆம்பியர் கணக்கில் இருந்தால் முதலில் 1000ஆல் வகுக்க வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. லித்தியம் பேட்டரி தீப்பற்றினால் தன் வெப்பத்தாலேயே மேலும் மேலும் எரியும் இயல்புடையது. பயணிகள் பகுதியில் புகை எழுந்தால் பணியாளர் உடனே கண்டு நீர் ஊற்றிக் குளிர்விக்கலாம்; சரக்கறைக்குள் எரிந்தால் பறக்கும்போது யார் இறங்கிச் சென்று அணைப்பது? ஆகவேதான், பெட்டியைச் சரக்கறைக்கு அனுப்பினால் பேட்டரியைக் கழற்றித் தம்முடன் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. முனைகள் வேறு உலோகத்தில் படாதவாறு நாடா ஒட்டுவது நன்று. கழற்ற முடியாத பேட்டரியுள்ள பெட்டிகளை 2018 ஜனவரியில் அமெரிக்க விமான நிறுவனங்கள் சில மறுக்கத் தொடங்கின. நவீனப் பெட்டிகள் செய்து புகழ்பெற்றிருந்த புளூஸ்மார்ட் நிறுவனம் அவ்வாண்டே மூடப்பட்டது. வாங்கியவர்கள் கையில் பெட்டி மட்டும் மிஞ்சியது!

கையில் எடுத்துச் செல்லலாமே எனில், அங்கே எடை குறுக்கிடுகிறது. சாதாரண வகுப்பில் 7 கிலோவே பல நிறுவனங்களின் வரம்பு. மோடோபேக் பெட்டியோ வெறுமையாகவே 8 கிலோவுக்கு மேல்! துணிமணியை எதில் வைப்பது? அன்றியும், ஹோவர்போர்டு போன்ற சிறு வாகனங்களை அறவே ஏற்காத நிறுவனங்கள் உள்ளன. சவாரிப் பெட்டியையும் அவை அவ்வினத்தில் சேர்க்கக்கூடும். பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுத் தெளிவதே முறை.

எங்கும் ஏறி ஓட்டலாம் என்றும் எண்ண வேண்டாம். ஜப்பானில் பொதுச்சாலையைப் பொறுத்தவரை இது மோட்டார் வாகனம். ஓட்டுநர் உரிமம் வேண்டும். 2024இல் ஒசாகா நகர நடைபாதையில் இப்படிச் சென்ற சீனப் பெண்மணி ஒருவர் மீது, உரிமமின்றி வாகனம் ஓட்டியதாகக் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. கான்சாய் விமான நிலையமும் தன் வளாகத்தில் ஏறி ஓட்ட வேண்டாமெனப் பயணிகளைக் கேட்டுக்கொண்டுள்ளது.

முதியோருக்கு இது ஏற்றதென்று எனக்குத் தோன்றவில்லை. சிறு சக்கரங்கள், சாய்மானமற்ற தாழ்ந்த இருக்கை, மணிக்கு 10 கிலோமீட்டரை எட்டும் வேகம். சேலை முந்தானையோ புர்காவின் ஓரமோ சக்கரத்தில் சிக்கினால் என்னாவது? மூட்டுவலியுள்ளவர் இறங்கி எழுவதற்கே துணை தேட வேண்டியிருக்கும்.

நடக்க இயலாதவர்களுக்கு விமான நிறுவனங்கள் சக்கர நாற்காலியும் அதைத் தள்ளிச் செல்ல ஆளும் ஏற்பாடு செய்கின்றன. முன்பதிவின்போதே கேளுங்கள், தவறினால் புறப்படுவதற்கு 48 மணி நேரத்திற்கு முன்பாவது தெரிவியுங்கள். படியேற முடியுமா, சிறிது தூரமேனும் நடக்க முடியுமா என்பதையும் சொல்லிவிட்டால் அதற்கேற்ற உதவி கிடைக்கும். ஏறுமிடத்தில் மட்டுமன்றி, இடையில் விமானம் மாறும் நிலையத்திலும் இறங்குமிடத்திலும் நாற்காலி வேண்டுமெனக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.