நுவரெலியா – மஸ்கெலியா: ஒரு தொகுதி உணர்த்தும் பாடம்

தேர்தலில் வாக்களிப்பது மட்டுமே மக்களின் பிரதிநிதித்துவத்தைத் தீர்மானிக்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால், வாக்களிப்புக்கு வெகு முன்னரே, தொகுதியின் எல்லைக்கோடு வரையப்படும்போதே வெற்றி தோல்வியின் பெரும்பகுதி முடிவாகி விடுகிறது. இவ்வுண்மையை விளங்கிக்கொள்வதற்கு நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியின் வரலாற்றைவிடச் சிறந்த உதாரணம் நம் நாட்டில் இல்லை எனலாம்.

சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931ஆம் ஆண்டு நடைபெற்ற முதலாவது தேர்தலிலேயே மலையகம் அரசாங்க சபையில் இடம்பெற்றது. ஹட்டன் தொகுதியிலிருந்து தெரிவான பெரி. சுந்தரம், தொழில், கைத்தொழில், வர்த்தகத்துக்குப் பொறுப்பான அமைச்சராகவும் விளங்கினார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, கொட்டகலையில் கே. குமாரவேலு என, இன்றைய நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பகுதிகள் தமக்கெனக் குரல்களைப் பெற்றிருந்தன.

அந்நிலை ஒரு பாராளுமன்றக் காலத்துக்கு மேல் நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949ஆம் ஆண்டில் செய்யப்பட்ட தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதி எவரும் தெரிவாகவில்லை.

இங்கு பலரும் கவனிக்கத் தவறும் விடயம் ஒன்றுண்டு. சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற அடிப்படையில் மாகாணங்களுக்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. இங்கு எண்ணப்பட்டவர்கள் வாக்காளர்கள் அல்லர், குடிசனம். எனவே, வாக்குரிமை பறிக்கப்பட்ட பின்னரும் தோட்ட மக்களின் தலைகளைக் கணக்கிட்டுக் கிடைத்த ஆசனங்கள் மலைநாட்டிலேயே இருந்தன. அவற்றை நிரப்பும் உரிமை மட்டும் பிறரிடம் சென்றது. மலைநாட்டின் சில தொகுதிகளில் குறைந்த வாக்காளரைக் கொண்டே ஓர் உறுப்பினர் தெரிவாக முடிந்தது. எண்ணிக்கைக்கு ஒரு சமூகம், பிரதிநிதித்துவத்துக்கு இன்னொரு சமூகம் என்ற இந்த முரண்பாடு ஜனநாயகத்துக்கு நேர்ந்த பெரும் களங்கமாகும்.

அக்காலத்தில் மலையகத்தின் குரல் நியமன உறுப்பினர் வாயிலாகவே பாராளுமன்றத்தில் ஒலித்தது. 1960இலும் 1965இலும் தொண்டமானும் 1970இல் அப்துல் அஸீஸும் நியமனம் பெற்றனர். நியமனம் என்பது ஆட்சியாளர் அளிப்பது. அதனை மக்கள் ஆணைக்கு ஈடாகக் கொள்ள முடியாது.

மாற்றம் 1976ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயத்துடன் வந்தது. அப்போது வகுக்கப்பட்ட 160 தொகுதிகளிலிருந்து 168 உறுப்பினர்கள் தெரிவாகும் வகையில் 6 பல அங்கத்தவர் தொகுதிகள் அமைக்கப்பட்டன. கொழும்பு மத்தியும் நுவரெலியா – மஸ்கெலியாவும் தலா 3 உறுப்பினர்களைப் பெற்றன. இத்தகைய தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் ஆசனங்களின் எண்ணிக்கைக்குச் சமமான வாக்குகள் உண்டு. விரும்பினால் அவை அனைத்தையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்கலாம். இவ்வாறு வாக்குகளை ஒருமுகப்படுத்துவதன் மூலம், பெரும்பான்மையற்ற சமூகமும் ஓர் ஆசனத்தை உறுதி செய்ய முடியும்.

1977ஆம் ஆண்டுத் தேர்தலில் நடந்தது அதுவே. காமினி திசாநாயக்க முதலாவதாகவும் அநுர பண்டாரநாயக்க இரண்டாவதாகவும் தொண்டமான் மூன்றாவதாகவும் தெரிவாகினர். அது ஓர் அங்கத்தவர் தொகுதியாக இருந்திருப்பின், மூன்றாவதாக வந்தவருக்குத் தோல்வியே கிடைத்திருக்கும். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மலையகத்துக்குக் கிடைத்த அந்த ஆசனம், வாக்குப் பலத்தினால் மாத்திரமன்றித் தொகுதியின் அமைப்பினாலும் கிடைத்ததாகும்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டு வந்தது. நுவரெலியா – மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை ஆகிய நான்கும் ஒரே தேர்தல் மாவட்டத்தின் வாக்களிப்புப் பிரிவுகளாகின. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வு கண்டு வாக்காளர் தொகையையும் உயர்த்தின. இன்று மாவட்ட வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் நுவரெலியா – மஸ்கெலியா பிரிவிலேயே உள்ளனர். 2015இலும் 2020இலும் மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 ஆசனங்களைத் தமிழர் பெற்றனர்.

இப்பின்னணியிலேயே தொகுதி முறைக்குத் திரும்பும் யோசனைகளை நோக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் கலப்பு முறையை அறிமுகப்படுத்தியது. அதன் கீழ் தயாரான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்ட் மாதத்தில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. அறிக்கையை எதிர்த்தோரில் சிறுபான்மைக் கட்சிகளும் அடங்கும். சிதறி வாழும் சமூகங்களைத் தனி அங்கத்தவர் தொகுதிகளுக்குள் பிரித்து விட்டால் அவர்களின் வாக்குகள் எங்கும் பயனின்றிப் போய்விடும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்ட மக்கள் நுவரெலியாவைப்போல் செறிந்து வாழ்பவர்கள் அல்லர். ஆகவே அவர்களின் நிலை இன்னும் பலவீனமானது.

தொகுதி முறையே வேண்டாம் என்பது நமது வாதமன்று. தமது பிரதிநிதி யார் என்று மக்கள் அறிந்திருப்பது நல்லதே. ஆனால், எந்த முறை வந்தாலும் பல அங்கத்தவர் தொகுதிகளுக்கு அதில் இடமிருக்க வேண்டும். எல்லை வகுப்போர் தோட்டங்களைக் கூறுபோடாது ஒன்றாக நோக்க வேண்டும். மலையகக் கட்சிகளும் தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னர் ஆசனப் பங்கீட்டுக்காக வாதிடுவதை விடுத்து, எல்லை நிர்ணயக் குழுவின் முன் புள்ளிவிபரங்களுடன் தோன்றுவதே பயனுள்ளதாகும்.

1949இல் வாக்குரிமையைப் பறித்தது ஒரு சட்டம். அதனை எதிர்த்துக் குரலெழுப்ப முடிந்தது. வரைபடத்தில் வரையப்படும் ஒரு கோடு அதே காரியத்தைச் சத்தமின்றிச் செய்துவிடும் என்பதை மலையக மக்களின் தலைமைகள் மறந்துவிடலாகாது.